காலராவின் நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் தே

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மூத்தோர் வாந்திபேதி என்னும் சொல்லை இன்றும் குரல் தாழ்த்தியே கூறுவர். காலையில் நலமாய் இருந்தவரை மாலைக்குள் உடல்நீர் வற்றி மாளச் செய்யவல்லது அந்நோய். அதன் மூலத்தை உலகுக்கு மெய்ப்பித்தவர் வங்கத்து அறிஞர் சம்புநாத் தே. தமிழ்த்துறை மலரில் மருத்துவர்க்கு என்ன இடம் என வினவுவோர், அவர் வரலாற்றைப் படித்தபின் முடிவு செய்க.

1915 பிப்ரவரி 1 அன்று ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்று ஹூக்ளிக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரி, வள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்சின் விட்டுச்சென்ற அறக்கொடையால் 1836இல் எழுந்தது என்பதை இங்கு நினைவுகூர்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1939இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1949இல் இலண்டனில் முனைவரானார்.

காலராக் கிருமியை இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவிலேயே இனங்கண்டு, அது நஞ்சொன்றைச் சுரக்கக்கூடும் என்றும் கருதினார். ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எவரும் அதனை மெய்ப்பித்திலர். பலர் கிருமியை விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். நோய் குடலில் அன்றோ நிகழ்கிறது! தே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அத்துண்டு நீர் நிரம்பிப் பருத்திருந்தது. பின்னர்க் கிருமி நீக்கிய வடிநீரை மட்டும் செலுத்தியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. கொல்வது கிருமி விடுக்கும் நஞ்சே என்னும் இம்முடிவு 1959இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. நூலும் முயலும் கொண்டு செய்த ஆய்வு இது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

அந்நஞ்சு செய்யும் வேலையைப் பின்வந்தோர் விளக்கினர். நம் உயிரணு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஏற்பிகள் உள்ளன. வெளியிலிருந்து வரும் செய்தியை அவை பெற்று, ஜி-புரதம் என்னும் தூதரிடம் ஒப்படைக்கின்றன. அப்புரதம் விழித்து, செய்தியை உள்ளே சேர்த்து, உடனே ஓய்ந்துவிடும். காலரா நஞ்சோ குடலணுவின் மேலுள்ள ஜி.எம்.1 என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு உள்நுழைந்து, அத்தூதரை ஓயவிடாமற் செய்கிறது. அழைப்புமணியின் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டாற்போல, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் உட்செய்தி பெருகிக்கொண்டே போகிறது. அணு உப்பை வெளித்தள்ள, நீரும் உடன் பாய்கிறது. ஆயினும் சர்க்கரையோடு உப்பை உள்ளிழுக்கும் வேறு வாயில் பழுதுபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரால் எண்ணற்றோரைக் காத்தது அவ்வாயிலின் வழியாகவே.

இத்துணை அரும்பணி புரிந்தவரைத் தாய்நாடு கண்டுகொள்ளவில்லை. இந்திய அறிவியற் கழகங்களுள் ஒன்றேனும் அவரை உறுப்பினராக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு அவர் பெயரை ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்தார்; பரிசு வரவில்லை. 1973இல் பணி ஓய்வு பெற்றார். 1978இல் சுவீடனில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். 1985 ஏப்ரல் 15 அன்று மறைந்தார். பெங்களூரின் கரண்ட் சயின்ஸ் இதழ் அவர் பணியைப் போற்றிச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990இல். அப்போது அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.