கால் டாலருக்கு ஒரு சட்டம்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மறைந்த பெரியவர் யாருடைய வாழ்க்கையாவது இருந்தால் நல்லது என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். விசுவேசுவரய்யாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா வேறு பக்கம் போய்விட்டது. அதற்குக் காரணம், பயிற்சிக்குப் போன பட்டறையில் கேட்ட ஒரு பேச்சு.

நாலாவது செமஸ்டர் முடிந்து ஒரு மாதம் அந்தப் பட்டறையில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே லேத்தில் விழும் இரும்புச் சுருளை அள்ளிக்கொண்டும், வார்ப்புகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டும் ஹெல்பராக ஒரு அண்ணா இருந்தார். அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் அவர் கைக்கு வரவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. கேட்டால் என்னங்கண்ணா என்றேன். கேக்கலாம் தம்பி, ஏத்திக் குடுத்துட்டு ரெண்டு பேரை நிறுத்துவாங்க, அந்த ரெண்டுல ஒருத்தன் நானாத்தான் இருப்பேன் என்றார். மெக்கானிக்கல் மாணவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதிலைத் தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோது கிடைத்தவர்தான் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். அமெரிக்க மந்திரிசபையில் உட்கார்ந்த முதல் பெண்மணி. 1938ல் அந்த நாட்டில் தேசிய அளவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததற்குப் பெரிய காரணமாக இருந்தவர். அந்த அண்ணா கேட்ட அதே கேள்வியைத் தம் வாழ்நாள் முழுக்க ஆயிரம் பேர் வாயிலிருந்து கேட்டவர்.

அவர் 1880 ஏப்ரல் 10ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். கொஞ்சம் வசதியான குடும்பம். மவுண்ட் ஹோல்யோக் என்ற பெண்கள் கல்லூரியில் இயற்பியலை முதன்மைப் பாடமாகவும் வேதியியலைத் துணைப் பாடமாகவும் படித்தார். நம்மைப் போல லேபில் நின்றவர்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். கடைசி வருஷத்தில் பொருளாதார வரலாறு நடத்திய ஆசிரியை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பக்கத்து ஊர் ஆலைகளைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். நாமும்தான் தொழிற்சாலைச் சுற்றுலா போகிறோம். இயந்திரத்தின் குதிரைத்திறனைக் குறித்துக்கொண்டு வருகிறோம், இயக்குகிறவரின் சம்பளத்தை யார் கேட்கிறோம்? பெர்க்கின்ஸ் கேட்டார். விபத்தில் கை போனவனின் வீடு எப்படி ஓடுகிறது என்பதையும் பார்த்தார். 1902ல் பட்டம் வாங்கினார்.

சிகாகோ பக்கத்தில் ஆசிரியை வேலை. விடுமுறைகளில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் ஹவுஸ் சேவை இல்லத்துக்குப் போவார். வேலை வாங்கிக்கொண்டு கூலி தராத முதலாளிகளிடம் போய்ப் பேசி வாங்கி வருவது அங்கே அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று. பிறகு பிலடெல்பியா. அதன் பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1910ல் நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளர். ரொட்டி சுடும் நிலவறைகளுக்குள் இறங்கி, அங்கே எலியோடும் சாக்கடையோடும் வேலை நடப்பதைப் பார்த்து எழுதினார்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோழி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினார். டிரையாங்கிள் என்ற ரவிக்கை தைக்கும் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது. ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. பெண் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். அவர் கீழே நின்று பார்த்தார். 146 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். முதலாளிகள் மேல் வழக்கு நடந்தது, விடுதலை ஆகிவிட்டார்கள்.

அந்த மாலையை அவர் கடைசி வரை மறக்கவில்லை. தொழிற்சாலை விசாரணைக் கமிஷனில் சேர்ந்து, சட்டசபை உறுப்பினர்களை விடியற்காலையில் ஆலை வாசலுக்கே கூட்டிப்போனார். அறிக்கையைப் படித்தால் மறந்துவிடுவார்கள், மூக்கில் நாற்றம் ஏறினால் மறக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு என்று நினைக்கிறேன். தீத்தடுப்பு, வெளியேறும் வழி, வேலை நேரம் என்று நியூயார்க் மாநிலத்தில் வரிசையாகச் சட்டங்கள் வந்தன.

அதில் ஒன்றை மட்டும் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற மசோதா 1912ல் வந்தது. எதிர்த்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். காய்கனி டின்னில் அடைக்கும் ஆலைகளுக்கு விலக்கு என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். இதற்கு நுகர்வோர் சங்கம் ஒத்துக்கொள்ளாது, மசோதா தானாகச் செத்துவிடும் என்பது திட்டம். பெர்க்கின்ஸ் ஒத்துக்கொண்டார்! மேலிடத்தைக் கேட்க நேரம் இல்லை. டின் ஆலைப் பெண்களை வெளியே விட்டுவிட்டு மற்றவர்களுக்கு வாங்கிவிடுவோம் என்று தானே முடிவெடுத்தார். படகு ஏறப் போன டிம் சல்லிவன் என்ற அரசியல்வாதியைத் திருப்பிக் கூப்பிட்டு ஓட்டுப் போட வைத்தார்கள், மசோதா நிறைவேறியது. அவருடைய வழிகாட்டியான பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் கோபிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கட்டிக்கொண்டு பாராட்டினார். டின் ஆலைப் பெண்களைப் பாராட்டச் சொன்னால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1913ல் கல்யாணம். கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஒரு பெண் குழந்தை. சில வருஷங்களில் கணவருக்கு மனநோய் வந்துவிட்டது. வீட்டுச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் இவர் தலையில். சம்பளத்தின் அருமை அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது மட்டும் இல்லை. இதைப் பற்றி வெளியில் அவர் மூச்சு விட்டதில்லை.

1929ல் நியூயார்க் கவர்னராக இருந்த ரூஸ்வெல்ட், மாநிலத் தொழில் துறையை இவரிடம் கொடுத்தார். 1933ல் ஜனாதிபதி ஆனதும் மத்தியத் தொழிலாளர் துறைக்குக் கூப்பிட்டார். அங்கே மந்திரியைச் செயலர் என்பார்கள். பதவி என்றதும் ஓடிப்போய் உட்காரவில்லை இவர். குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, வேலையில்லாதோர் காப்பீடு, முதியோர் பென்ஷன் என்று சீட்டில் எழுதி எடுத்துப்போனார். இதெல்லாம் செய்ய விடுவதானால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பாருங்கள் என்ற தோரணை. ரூஸ்வெல்ட் சரி என்றார்.

சரி என்று சொல்லிவிட்டால் ஆகிவிடுமா? பெரிய தடை சுப்ரீம் கோர்ட்டு. கூலி என்பது முதலாளியும் தொழிலாளியும் சுதந்திரமாகப் பேசி முடிப்பது, அதில் சர்க்கார் தலையிட்டால் அந்தச் சுதந்திரம் பறிபோகிறது என்பது அன்றைய சட்டக் கொள்கை. வாஷிங்டன் நகரில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்கிய 21 வயதுப் பெண்ணின் வழக்கு இதற்கு உதாரணம். மாதம் 35 டாலரும் தினம் இரண்டு வேளைச் சாப்பாடும் அவளுக்கு. பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்ததும், அவ்வளவு தர முடியாது என்று ஹோட்டல் அவளை நிறுத்திவிட்டது. பழைய சம்பளமே போதும், வேலை போதும் என்று அவள் கோர்ட்டுக்குப் போனாள். 1923ல் சட்டமே செல்லாது என்று தீர்ப்பானது. பட்டறை அண்ணா சொன்னது கற்பனைப் பயம் இல்லை என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அப்படியானால் குறைந்தபட்சக் கூலி எதற்கு? பெர்க்கின்ஸ் தரப்பு வாதம் இப்படிப் போகிறது. ஒரு தெருவில் பத்து தையல் கம்பெனி இருக்கிறது. ஒன்பது பேர் வயிற்றுக்குப் போதுமான கூலி கொடுக்கிறார்கள், பத்தாவது ஆள் பாதி கொடுக்கிறான். அவன் சட்டை விலை மலிவு, ஆர்டர் எல்லாம் அவனுக்கு. ஒன்பது பேரும் வேறு வழியில்லாமல் குறைப்பார்கள். அப்புறம் அவன் இன்னும் குறைப்பான். எல்லோருக்கும் ஒரே தரை போட்டுவிட்டால் இந்தப் பள்ளம் தோண்டும் போட்டி நிற்கும். தனி ஆள் பேரம் பேசித் தரையைப் போட முடியாது, சட்டம்தான் போட முடியும். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலை கிடைத்தால் போதும் என்று வரிசையில் ஆயிரம் பேர் நிற்கும்போது சுதந்திரமான பேரம் எங்கே இருக்கிறது?

1935ல் கோர்ட்டு, ரூஸ்வெல்ட்டின் தொழில் மீட்புச் சட்டத்தையும் தள்ளிவிட்டது. பெர்க்கின்ஸ் அசரவில்லை. இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து, வக்கீல்களை வைத்து இரண்டு மசோதாக்களை முன்கூட்டியே எழுதி வாங்கி மேஜையின் கீழ் டிராயரில் பூட்டி வைத்திருந்தார். ஒன்று, சர்க்காருக்குச் சரக்கு விற்கும் கம்பெனிகள் நியாயமான கூலி தர வேண்டும் என்பது, 1936ல் நிறைவேறியது. இன்னொன்று எல்லோருக்குமான கூலி மசோதா.

1937 மார்ச்சில் கோர்ட்டு மனம் மாறியது. வாஷிங்டன் மாநிலத்தில் ஹோட்டல் அறை பெருக்கிய ஒரு பெண் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பு. டிராயர் திறந்தது.

அடுத்த ஒரு வருஷம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. தென் மாநிலத்துக்காரர்கள், எங்கள் ஊரில் கூலி குறைவு என்பதால்தான் ஆலைகள் வருகின்றன, அதையும் கெடுக்காதே என்றார்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே கூலியா என்று வெளிப்படையாகவே கேட்டவர்களும் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், தொழிற்சங்கத் தலைவர்களிலேயே சிலருக்குப் பயம். குறைந்தபட்சம் என்று எழுதினால் அதுவே அதிகபட்சம் ஆகிவிடும் என்றார்கள். இதுவும் லேசில் தள்ளக்கூடிய வாதம் இல்லை. விலக்குக்கு மேல் விலக்கு கேட்டுத் திருத்தங்கள் குவிந்தன. சட்டம் யாருக்காவது பொருந்துகிறதா என்று 90 நாளில் தெரிவிக்க வேண்டும் என ஒரு உறுப்பினர் கேலியாகத் திருத்தமே கொடுத்தார்! 1937 டிசம்பரில் கீழ்ச்சபை மசோதாவைக் கமிட்டிக்கே திருப்பி அனுப்பியது.

1938 மே மாதம் புளோரிடாவில், இந்தச் சட்டத்தை ஆதரித்த ஒரு செனட்டர் கட்சித் தேர்தலில் நன்றாக ஜெயித்தார். தெற்கிலேயே ஜனங்கள் இதை விரும்புகிறார்கள் என்று தெரிந்ததும் காற்று மாறிவிட்டது. மசோதாவைக் கமிட்டியிலிருந்து மீட்கும் மனுவில் 218 கையெழுத்து இரண்டு மணி இருபது நிமிஷத்தில் சேர்ந்தது. ஜூன் 25ல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

கிடைத்தது என்ன? மணிக்கு 25 செண்ட். கால் டாலர். வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் போனால் ஒன்றரைக் கூலி. வாரம் முழுக்க உழைத்தால் 11 டாலர். முதலில் நினைத்தது 40 செண்ட். அதை ஏழு வருஷத்தில் படிப்படியாக எட்டலாம் என்று எழுதினார்கள். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் வெளியே. தெற்கில் கறுப்பின மக்கள் அதிகம் செய்த வேலைகள் இவை இரண்டும்தான். மறுபடியும் டின் ஆலைக் கதை! அமல் ஆன நாளில் சுமார் 3 லட்சம் பேருக்குக் கூலி உயர வேண்டியிருந்தது என்று கணக்கு.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் மாநிலம் சான் அண்டோனியோவில் பீக்கன் என்ற கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிலாளர்கள் இருந்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினர், வாரத்துக்கு 2, 3 டாலர்தான் சம்பாத்தியம். 1938ல் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னாலேயே 25 செண்ட் சட்டமும் வந்தது. முதலாளிகள் உடைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. மெஷின் செய்கிற நம் படிப்புக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ஆனால் நாடு முழுக்க வேலை அழிந்துவிடும் என்று பயமுறுத்தியது நடக்கவில்லை. 40 செண்ட் ஆனது, 1950ல் 75 செண்ட், 1956ல் ஒரு டாலர். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அதே சண்டை. 1992ல் நியூஜெர்சி மாநிலம் 4.25 டாலரிலிருந்து 5.05க்கு ஏற்றியபோது, கார்டு, குரூகர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்து 410 துரித உணவுக் கடைகளை நேராகக் கணக்கெடுத்தார்கள். ஆள் குறையவில்லை என்று 1994ல் எழுதினார்கள். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. 2009ல் தேசிய அளவு 7.25 டாலர் ஆனது. அதன் பிறகு பல மாநிலங்கள் தாங்களே ஏற்றிக்கொண்டு போக, தேசிய அளவு வருஷக்கணக்காக அங்கேயே நின்றது. எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு வேகத்தில், எந்த ஊரில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 25 செண்டுக்கும் 40 செண்டுக்கும் நடுவில் ஏழு வருஷம் வைத்தது வெறும் பயந்தாங்கொள்ளித்தனம் இல்லையோ என்றும் தோன்றுகிறது. விவசாயக் கூலிகளை விட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் மேல் 1939ல் பதவி நீக்கத் தீர்மானம்கூட வந்தது, தோற்றது. 1945 வரை 12 வருஷம் மந்திரி. முதுமையில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். எண்பது வயதுக்கு மேல் மாணவர் விடுதி ஒன்றில் பையன்களோடு தங்கியிருந்தார். 1965 மே 14ல் காலமானார். விவசாயத் தொழிலாளர்களைச் சேர்த்துத் திருத்தம் வந்தது 1966ல். வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்த்தது 1974ல்.

போன மாதம் அந்தப் பட்டறைப் பக்கம் போனபோது, டீக்கடையில் வைத்து இந்தக் கதையை அந்த அண்ணாவிடம் சொன்னேன். கால் டாலர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். பீக்கன் மெஷினைப் பற்றிச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். காட்டு வேலை செய்யறவங்களுக்கு எப்போ வந்துச்சுன்னு சொன்னே தம்பி என்றார். 1966 என்றேன். 38லிருந்து விரல் விட்டு எண்ணினார். இருபத்தெட்டு வருஷம் என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் மணி அடித்ததும் எழுந்து உள்ளே போனார்.