கோரஸை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற மலை ரோட்டில் நம்ம காலேஜ் பஸ் போனா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். காவலூர் டெலஸ்கோப் பார்க்கப் போறோம்னு சொல்லித்தான் பர்மிஷன் வாங்கியிருப்போம். ஜவ்வாது மலையோட ரெண்டாவது வளைவு வர்றதுக்குள்ள கடைசி சீட்டுல பாட்டு ஆரம்பிச்சு டிரைவர் அண்ணன் வரைக்கும் போயிடும். அடுத்த தடவை ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஐம்பது பேர் பாடினாலும் மெட்டு ஒண்ணுதான். பசங்க கீழே, பொண்ணுங்க மேலே, அவ்வளவுதான் வித்தியாசம். பஜனை, கும்மி, கட்சி மாநாடு, எங்கே போனாலும் நாம கூட்டமாப் பாடுறது இப்படித்தான்.

அதே ஐம்பது பேரை நாலு குழுவாப் பிரிச்சு, ஆளுக்கொரு மெட்டைக் கொடுத்து, எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்க வைக்கிறது வேற வித்தை. சர்ச் கொயரில் பாடுற நண்பர்களுக்கு இது பழக்கம். மத்தவங்களுக்கு இந்தச் சத்தம் பெரும்பாலும் சினிமா வழியாத்தான் வந்து சேர்ந்தது. குப்ரிக்கின் 2001 ஸ்பேஸ் ஒடிசியில் அந்தக் கருப்புக் கல் முன்னாடி வர்ற நடுங்க வைக்கிற குரல்கள் லிகெட்டியுடைய ரெக்வியம். 1981-ல் வந்த எக்ஸ்காலிபரில் குதிரைகள் பாயும்போது ஒலிப்பது கார்ல் ஓர்ஃப் 1930-களில் எழுதிய கார்மினா புரானா. அதுக்கப்புறம் அந்த ஒரு பாட்டை டிரெய்லர், விளம்பரம்னு போட்டுத் தேய்ச்சே எடுத்துட்டாங்க. ரெண்டுமே மேடைக்காக எழுதப்பட்டு, பிறகு சினிமா எடுத்துக்கிட்ட இசை.

தமிழ்நாட்டில் ஒருத்தர் இதே ரோட்டில் எதிர்ப்பக்கமா நடந்தார். சினிமாவுக்கு இசையமைச்சுக்கிட்டே, சினிமாவில் ஆ, ஊ என்று பின்னணியில் கிடந்த கோரஸை எடுத்து மேடையில் தனியா நிறுத்தினார். அவர் மானாமதுரை பாலகிருஷ்ணன் ஸ்ரீனிவாசன், சுருக்கமாக எம்.பி.எஸ். கேரளாவில் இந்தப் பேரைச் சொன்னா நாலு பாட்டு பாடிக் காட்டுவாங்க. நம்ம ஊரில் பி.பி.எஸ்ஸான்னு திருப்பிக் கேட்கிறாங்க.

பிறந்தது 1925 செப்டம்பர் 19, சித்தூரில். படிச்சது சென்னை மாநிலக் கல்லூரியில். மாணவர் இயக்கம் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் போனார். டெல்லியில் ஏ.கே. கோபாலனின் செயலாளராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் இடதுசாரி இளைஞர்களை நாடகம், பாட்டு என்று இழுத்துக்கொண்டிருந்த அமைப்பு இப்டா. தெருவில் நின்று கூட்டமாகப் பாடும் பழக்கம் அங்கேதான் வளர்ந்தது. சலில் சௌத்ரி பம்பாயிலும், ரூமா குகா தாகுர்தா கல்கத்தாவிலும் 1950-களிலேயே இளைஞர் கொயர் தொடங்கியதும் இதே பட்டறையிலிருந்துதான். எம்.பி.எஸ். திருமணம் செய்துகொண்ட ஜாஹிதா, சைபுதீன் கிச்லுவின் மகள். 1919-ல் கிச்லுவையும் சத்யபாலையும் பிரிட்டிஷார் கைது செய்ததை எதிர்த்துக் கிளம்பிய கொந்தளிப்புதான் ஜாலியன்வாலா பாக் வரைக்கும் போனது. அந்த வீட்டுப் பெண்ணும் சித்தூரில் பிறந்த தமிழ்ப் பையனும் மதம் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டது இன்றைக்கே பல வீடுகளில் நடக்காத காரியம்.

சென்னை திரும்பியவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த படம் 1960-ல் வந்த பாதை தெரியுது பார். வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்கியது, தொழிலாளர்களின் கதை. படம் பெரிதாக ஓடவில்லை, பாட்டுகள் நின்றுவிட்டன. தென்னங்கீற்றில் ஊஞ்சலாடும் சிட்டுக்குருவியைப் பற்றி ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் ஜானகியும் பாடியதை உங்க தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க, முழுசாப் பாடுவார். 1961 நவம்பரில் கால்பாடுகள் என்ற மலையாளப் படத்துக்கு ஒரு புதுப் பையனைப் பாட வைத்தார். பாட்டு நாராயண குருவின் வரிகள். பையன் கே.ஜே. யேசுதாஸ். அவருடைய முதல் சினிமாப் பதிவு அது.

இப்படித் தொடங்கின ஆளுக்குத் தமிழில் வரிசையாகப் படங்கள் வந்திருக்கணுமே? வரலை. காரணத்தைப் பாட்டுகளில் தேட வேண்டாம்; அவர் கட்டிய சங்கத்தில் தேடலாம். வயலின் வாசிப்பவர், தபலா வாசிப்பவர், கோரஸ் பாடுபவர், இவர்களுக்கு எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி என்பது முதலாளி மனசைப் பொறுத்திருந்த காலம். சினி மியூசிஷியன்ஸ் யூனியனை உருவாக்கியதில் எம்.பி.எஸ். முன்னணியில் நின்றார். நிமாய் கோஷோடு சேர்ந்து மற்ற டெக்னீஷியன்களையும் சங்கமாக்கினார். இன்றைக்கு ஸ்டிரைக் அறிவிப்பு வந்தா நியூஸில் அடிபடுதே பெப்சி, அதன் வேர் அங்கே இருக்கிறது. இசையமைப்பாளரே வாத்தியக்காரர்களுக்காகக் கூலி கேட்டால் தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குக் கூப்பிடுவாரா? மலையாளம் கூப்பிட்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் சுயம்வரம், எலிப்பத்தாயம், முகாமுகம், அனந்தரம் ஆகிய படங்களின் பின்னணி இசை இவருடையது. ஓ.என்.வி. குறுப்போடு சேர்ந்து உள்கடல், சில்லு படங்களில் போட்ட பாட்டுகளைக் கேரளாவில் இன்றைக்கும் பாடுகிறார்கள். நடுவில் ஜான் ஆபிரகாமின் அக்ரஹாரத்தில் கழுதை படத்தில், கழுதைக் குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடிக்கவும் செய்தார்.

பாட்டை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி வேண்டும் என்று 1969-ல் ஐ.பி.ஆர்.எஸ். தொடங்கியபோதும் முன்நின்றவர்களில் அவர் ஒருவர். 1977-ல் சுப்ரீம் கோர்ட், காசு கொடுத்துப் பாட்டு போட வைத்த தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நிலைமை மாறச் சட்டத் திருத்தம் வர 2012 ஆனது. எம்.பி.எஸ். அதைப் பார்க்க இல்லை.

இனி கொயர். 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்தார். சென்னை வானொலியிலும் சேர்ந்திசைக் குழுவை நடத்தினார். கோரல் மியூசிக் என்பதற்குச் சேர்ந்திசை என்பதைவிட நல்ல தமிழ் இருப்பதாக எனக்குத் தெரியலை. யூத் கொயருக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. படிக்கிறவர்களும் ஆபீஸ் போகிறவர்களும்தான். அவர்களை வைத்து பாரதி பாட்டுகளையும் பல இந்திய மொழிப் பாட்டுகளையும் பல குரல்களில் பாட வைத்தார்.

இதில் ஒரு டெக்னிக்கல் சிக்கல் இருக்கு, நம்ம கூட்டத்துக்குப் பிடிக்கும். ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலித்தால் காதுக்கு இதமா இருக்கும், ஏன்னா அதிர்வெண் விகிதம் 4:5:6. சரி, மோகனத்தில் ஒரு பாட்டு இருக்குன்னு வைங்க. ச, ரி, க, ப, த மட்டும்தான் அனுமதி. மெட்டு ச-வில் நிற்கும்போது க, ப சேர்க்கலாம். த-வில் நிற்கும்போது ச, க சேர்க்கலாம். ரி-யில் நின்றால்? அதற்குச் சேர வேண்டிய ம ராகத்திலேயே இல்லை. சேர்த்தால் மோகனம் போச்சு, சேர்க்காவிட்டால் ஹார்மனி மொட்டையாக நிற்கும். இதுக்கு மேல கமகம் வேற. ஒரு ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தால் அதனோடு எதைப் பொருத்துவது? ஐரோப்பிய கொயருக்கு இந்தத் தலைவலி கிடையாது. கையில் கிடைத்த நாலு குரல் ஃபார்முலாவை அப்படியே பாரதி பாட்டு மேல் ஒட்டினால் அது வேற்று நாட்டுப் பாட்டு மாதிரி ஆகிவிடும். எம்.பி.எஸ். கொயர் கேட்கும்போது அப்படித் தோணாது. ஒரு குழு மெட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று சுருதி மாதிரி நீளமாக நிற்கும். மூன்றாவது குழு பதில் சொல்லிக்கொண்டு வரும். தமிழ் தமிழாகவே கேட்கும். சினிமா இசையை விட அவர் பெரிசாகச் செய்தது இதுதான் என்பது என் கட்சி. மலையாள நண்பர்கள் சண்டைக்கு வரலாம்.

சங்கமும் சேர்ந்திசையும் அவருக்கு ரெண்டு வேலையாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். கோரஸ் பாடுகிறவருக்கு ஒழுங்கான கூலி கேட்டவர்தான் அவரை மேடையின் நடுவிலும் நிறுத்தினார். கொயரில் தனிக்குரல் வித்வான் கிடையாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் பாடினால் உடனே குட்டு வெளிப்பட்டுவிடும்.

1980-களில் இதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போனார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பாட வைத்தார். அந்த வேலையாகத்தான் லட்சத்தீவுக்கும் போனார். 1988 மார்ச் 9 அன்று அங்கேயே இறந்தார். வயது 62. மெட்ராஸ் யூத் கொயர் அவரோடு முடியவில்லை, அவரிடம் பாடினவர்களே தொடர்ந்து நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பேரிலேயே ஒரு கொயர் இருக்கிறது.

கேட்கத் தொடங்கணும்னா முதலில் உள்கடல் பாட்டுகள், அப்புறம் எலிப்பத்தாயம் படத்தை இருட்டில் ஹெட்போன் போட்டு. அதுக்குப் பிறகு கொயர் பாடின பாரதி. அதை மட்டும் முதல் தடவை மெட்டைப் பிடிக்காம, கீழே போகிற ஆண் குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க.