பென்னிகுவிக்கின் சுண்ணாம்புக் காரையும் வீட்டுக் கனவும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜான் பென்னிகுவிக்கின் படத்தை வீடுகளிலும் கடைகளிலும் காணலாம். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால், தேனி அருகே பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். இந்த மண்ணில் வளர்ந்த எனக்கு அவர் முதலில் நீர் தந்தவர். சொந்த வீடு எட்டாக்கனியாகிவரும் இந்நாளில், கட்டுமானச் செலவை இடத்துக்கேற்பச் சிந்தித்த பொறியாளராகவும் அவரை நினைக்கிறேன்.

1841-இல் புணேயில் பிறந்த அவர், இங்கிலாந்தின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் பயின்று, மதராஸ் மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரத்தில் தோன்றியிருந்தது. 1876-78 பஞ்சம் அதை உயிர்த் தேவையாக்கியது. முன்பு வகுக்கப்பட்ட மண் அணைத் திட்டத்துக்கு மாற்றாக, 1882-இல் காரை அணைத் திட்டத்தை அவர் அளித்தார். 1886-இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டு, 1887-இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

கட்டுமானத்தின்போது அவர் தம் சொத்தை விற்றதாக ஊரில் ஒரு கதை உண்டு. அக்கதையைவிட அவர் தேர்ந்தெடுத்த கட்டுமானப் பொருள்களே இன்று நம் கவனத்துக்குரியவை. அக்காலத்தில் சிமென்ட் கப்பலேறி வரவேண்டிய பண்டம். அதை நம்பாமல், சுண்ணாம்பையும், சுட்ட களிமண்ணின் பொடியான சுர்க்கியையும் மணலையும் கலந்து காரை அமைத்தார். சுர்க்கி சேர்ந்த சுண்ணாம்பு நீருக்கடியிலும் இறுகும் தன்மை உடையது. முகப்புகளைக் கருங்கல்லால் கட்டி, உட்பகுதியை இக்காரையால் நிரப்பினார்கள்.

அந்த அணைக்கு வேறொரு விலையும் இருந்தது. காட்டுக்குள் தங்கிய தொழிலாளர்களை மலேரியாவும் காலராவும் வாட்டின. நோய்க்குப் பலியானவர்கள் 483 பேர் என்று பதிவுகள் கூறுகின்றன. அணையருகே இன்றும் கல்லறைகள் இருக்கின்றன. பென்னிகுவிக் பின்னர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராகி, 1911 மார்ச் 9-இல் மறைந்தார்.

அவர் திருப்பிய நீரால் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது. ஆனால் அந்த வயல்களில் நாற்று நடும் கூலித் தொழிலாளருக்கு வீட்டுமனை வாங்குவதே பெரும்பாடு. மனை கிடைத்தாலும் சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், கொத்தனார் கூலி என்று செலவு அடுக்கடுக்காக ஏறுகிறது. தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் வழங்குகிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் ஒரே தொகை, பெரும்பாலும் ஒரே வகைக் கட்டுமானம் என்பது சிக்கனத்துக்கு வழியாகாது.

எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கூறவில்லை. சுண்ணாம்புக் காரை மெதுவாகவே இறுகும். அதில் கைதேர்ந்த கொத்தனார்களும் அருகிவிட்டார்கள். நான் வேண்டுவது பென்னிகுவிக்கின் அணுகுமுறையை. அந்தந்த வட்டாரத்தில் கிடைக்கும் கல், மண், ஓடு ஆகியவற்றைச் சோதித்து, அவற்றுக்கேற்ற வரைபடங்களையும் மதிப்பீடுகளையும் அரசுப் பொறியாளர்கள் தயாரிக்க வேண்டும். அழுத்திய மண்கட்டி போன்ற முறைகளில் உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். நிலமற்றோருக்கு வீட்டுத் தொகைக்கு முன்பாக மனையை உறுதிசெய்ய வேண்டும். மனைப் பட்டா இல்லாத ஏழைக்கு மானிய அறிவிப்பால் பயனில்லை.

லோயர்கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அங்கே மாலையிடும் அமைச்சர்களும் அதிகாரிகளும், பள்ளத்தாக்கில் மனையின்றி வாழும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுத்து, அடுத்த ஜனவரி 15-இல் பட்டா வழங்கலாம். அணையைக் கட்டி மாண்ட பெயரறியாத் தொழிலாளர்களுக்கும் அது அஞ்சலியாக அமையும்.