பாட்டின் கீழே ஒரு பெயர்

முந்திரி உதிரும் கோடையில் எங்கள் ஊர்ச் சிறுமியர் இரு வரிசையாகக் கைகோத்து நிற்பர். ஒரு வரிசை பாடியபடி முன்னே வரும்; மற்றது பதில் பாட்டுடன் எதிரே வரும். முடிவில் பூவின் பெயர் சொல்லி ஒருத்தியை இழுத்துச் செல்வர். என் அப்பாயிக்கு இத்தகைய பாட்டுகள் அத்தனையும் மனப்பாடம். கையெழுத்துப் போடத்தான் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அப்பாட்டுகளைத் தோழியரிடம் சொல்லக் கூசினேன். நூலகத்தில் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' கைக்குக் கிடைத்த பின்னரே அக்கூச்சம் போயிற்று.

அந்நூலைத் தொகுத்த நா. வானமாமலை, 1917 டிசம்பர் 7 அன்று திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரியில் பிறந்தார். கல்லூரியில் படித்தது வேதியியல். (அறிவியல் மாணவர்கள் கவனிக்க!) பள்ளி ஆசிரியரானார், பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார், வேலையை விட்டார். பின்னர்ப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பழகியவர்கள் அவரைப் பேராசிரியர் என்றே அழைத்தனர்.

1960-இல் வெளிவந்த அவரது முதல் தொகுப்பின் பெயர் 'தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்'. 1964-இல் வந்த பெருந்தொகுப்பின் பெயரில் பாமரர் இல்லை, தமிழர் இருக்கின்றனர். இது சிறிய மாற்றம் அன்று என்பது என் எண்ணம்.

தாலாட்டு முதல் ஒப்பாரி வரை அதில் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டுப் பாடல்களுக்கும் தனியிடம் உண்டு. எஸ். எஸ். போத்தையா போன்றோர் சிற்றூர்களில் கேட்டு எழுதியனுப்பினர். பாடலின் கீழே வட்டாரச் சொல்லுக்குப் பொருள், சேகரித்தவர் பெயர், இடம் ஆகியவை அச்சாகியுள்ளன. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நாம் அளவும் நாளும் குறிக்கிறோமே, அத்தகைய ஒழுங்கு அது! எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு: பல பாடல்களில் பாடியவர் பெயரைக் காணோம்.

1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். 1969-இல் 'ஆராய்ச்சி' என்னும் இதழைத் தொடங்கினார். முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை முதலிய கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகத்திற்காகப் பதிப்பித்தார். அறிவியலையும் தமிழில் எழுத இயலும் என்று வாதாடினார். 1980 பிப்ரவரி 2 அன்று மறைந்தார்.

இந்த விடுமுறையில் அப்பாயி பாடப் பாடப் பதினொரு பாட்டுகளை எழுதிக்கொண்டேன். அவற்றைப் பாடும்போது எழுந்து நின்று அடிவைத்தும் காட்டினார். ஒவ்வொன்றின் கீழும் ஊரையும் பாடியவர் பெயரையும் குறித்தேன். எழுதி முடித்ததும் ஏட்டை வாங்கி, இதில் தம் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார்.