கணக்கு வாத்தியார் கட்டிய நூலகம்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டாபிக்கை போன வருஷ சீனியர்ஸும் செஞ்சிருந்தாங்க. ரிப்போர்ட் பைண்ட் பண்ணி அலமாரியில இருந்தது. ஆனா எது ஏன் வேலை செய்யலைன்னு அதுல ஒரு வரி இல்லை. நாங்க ஒரு தப்புல மூணு மாசம் மாட்டிக்கிட்டு, கடைசியில சீனியர் அண்ணா ஒருத்தருக்கு போன் போட்டப்பதான், அவங்களும் அதே இடத்துல மாட்டினது தெரிஞ்சது. ஒருத்தர் கத்துக்கிட்டது அடுத்தவருக்குப் போய்ச் சேரலை. கம்பெனிகள்ல இதைச் சரிபண்றதுக்குப் பேர் நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்.

இந்தப் பேர் புழக்கத்துக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, நம்ம சென்னையில ஒருத்தர் இந்தப் பிரச்சினையோட மல்லுக்கட்டியிருக்கார். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சின்ன வயசுல திக்குவாய். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார் ஆனார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் வேலை கிடைத்தது. அவருக்கு அந்தத் தொழில் தெரியாது. இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்னாடி கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான் மொத்தத் தயாரிப்பும்.

வேலையில் சேர்ந்ததும் தனிமை வாட்டியது. கொஞ்ச நாளிலேயே பழைய வேலைக்கே போறேன்னு கேட்டார். லண்டன் போய் நூலகவியல் படிச்சிட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலைன்னா கல்லூரிக்கே திரும்பிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

அங்கேதான் எல்லாம் மாறியது. யுனிவர்சிட்டி காலேஜில் படித்துக்கொண்டே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அப்போ டூயியின் தசம முறை ரொம்ப பிரபலம். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஒரு எண் போட்டு வைப்பது அதன் வழி. நாளைக்குப் புதுசா ஒரு பாடம் முளைச்சா அதை எங்கே வைக்கிறது? ஒரு நாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை மாத்தி மாத்திப் பூட்டினா வேற வேற பொம்மை வருது. அவருக்குப் பொறி தட்டியது. பாடங்களையும் துண்டுகளாகப் பிரித்து, தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாமே!

அதுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. உதாரணமா, இந்தியாவில் 1950-ல் நடந்த, நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றிய ஆராய்ச்சின்னு வைங்க. மருத்துவம், உறுப்பு, நோய், சிகிச்சை, இடம், காலம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. எல்லாம் சேர்ந்தா அந்தப் புத்தகத்தின் முகவரி. ஷாப்பிங் ஆப்ல பிராண்ட், விலை, கலர்னு ஃபில்டர் போடறோமே, அதே லாஜிக்!

1925-ல் திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. சுமார் 20 வருஷம் லீவே எடுக்காமல் உழைத்தார். கல்யாணத்தன்னிக்குக்கூட சடங்கு முடிஞ்சதும் நூலகத்துக்குப் போயிட்டார். வாசகர்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்க வழி செய்தார். தேடித் தர ஆள் வைத்தார். 1931-ல் ஐந்து விதிகளைப் புத்தகமாகவே போட்டார். புத்தகம் பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். அவ்வளவுதான் சாரம். புத்தகம் என்ற இடத்தில் டேட்டா என்றோ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்றோ போட்டுப் பாருங்க, எந்த ஆபீஸுக்கும் பொருந்தும்.

1945-ல் பனாரஸ், பிறகு டெல்லி. 1948-ல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய பல வருஷ முயற்சி இருந்தது. இன்னைக்கு அசோக் நகர்ல நம்ம வீட்டு ஓனர் சொத்து வரியோட சேர்த்துக் கட்டற நூலக வரிக்கு வேர் அந்தச் சட்டம்தான். 1956-ல் தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை மனைவி சாரதா பெயரும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பதவிக்காக சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1962-ல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேவையான தகவலைச் சரியான ஆள் கையில் சேர்க்கத் தெரிந்தவர்களை அது உருவாக்கியது. 1972 செப்டம்பர் 27-ல் காலமானார்.

அவருடைய பகுப்புமுறை உலகம் முழுக்கப் பரவலைங்கறதும் உண்மை. இன்னைக்கும் பெரும்பாலான நூலகங்கள்ல டூயி எண்தான். ஆனா துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கும் அவரோட யோசனை எல்லா இடத்துலயும் இருக்கு.

எங்க ரிப்போர்ட்ல ஒரு அத்தியாயம் கூடுதலா சேர்த்திருக்கோம். நாங்க செஞ்ச தப்புகள் மட்டும். அடுத்த பேட்ச்சோட மூணு மாசமாவது மிச்சமாகட்டும்.