துணிக்கடைக்காரர் பார்த்த மீன் இரத்தம்

விலங்கியல் படித்த நம் நண்பர்கள் எல்லோருக்கும் லீவன்ஹூக் என்ற பெயர் தெரியும். நுண்ணுயிர்களை முதலில் பார்த்தவர் என்று பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியதோடு அவரை விட்டுவிட்டோம். மீனின் இரத்தத்தைப் பார்த்து அதன் ஆரோக்கியத்தைச் சொல்லும் வேலையில் நான் இருப்பதால், அவருடைய இன்னொரு பக்கத்தை இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன்.

ஆண்டனி வான் லீவன்ஹூக் 1632-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். சின்ன வயதிலேயே அவரை இழந்த பிள்ளை, பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் போய் ஜவுளி வியாபாரம் பழகினார். 1654-இல் ஊர் திரும்பி சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். 1660-இல் நகராட்சியில் ஒரு உத்தியோகமும் கிடைத்தது. கல்லூரிப் படிப்பு கிடையாது. அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது. தெரிந்ததெல்லாம் டச்சு ஒன்றுதான்.

ஆனால் கை மட்டும் பொறுமையான கை. தானே லென்ஸ் தேய்த்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தி, உள்ளங்கையில் அடங்கும் நுண்ணோக்கிகளைச் செய்தார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. 1673-இல் டி கிராஃப் என்ற மருத்துவர் இவரை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார். 1680-இல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1674-இல் இரத்தச் சிவப்பணுக்களைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பே ஸ்வாமர்டாம் தவளை இரத்தத்தில் அவற்றைப் பார்த்திருந்தார். ஆனால் அளவு சொல்ல முயன்றவர் லீவன்ஹூக். மணல் துகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்! மனிதனுக்கு வட்டமாக இருக்கும் அணு மீனுக்கு நீள்வட்டமாக இருப்பதையும் கவனித்தார். 1700-இல் சால்மன் மீனின் அணுவுக்கு நடுவே ஒரு சிறு புள்ளியைக் குறித்து வைத்தார். அதுதான் உட்கரு. அந்தப் பெயர் வர இன்னும் 130 வருஷம் ஆயிற்று.

1688-இல் தலைப்பிரட்டையின் வாலிலும் மீன்களிலும், தமனியிலிருந்து தந்துகி வழியாகச் சிரைக்கு இரத்தம் ஓடுவதைப் பார்த்தார். விலாங்கு மீனைக் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்க்க ஒரு கருவியே செய்தார். 1698-இல் ரஷ்யாவின் பீட்டர் மன்னர் வந்து அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சிறு புள்ளி இன்றைக்கும் எங்களை விடுவதில்லை. மனித இரத்தத்தை எண்ணும் பல மெஷின்கள், சிவப்பணுவைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் உட்கருவை வைத்து வெள்ளையணுவை எண்ணுகின்றன. மீனின் சிவப்பணுவிலேயே உட்கரு இருப்பதால் கணக்கு தப்பிப்போகும். ஆகவே மீனை மயக்கி, வால் பக்கத்துச் சிரையில் சில துளி எடுத்து, ஸ்லைடில் பூசிச் சாயமேற்றி, கண்ணால் பார்த்துத்தான் எண்ணுகிறோம். அணுக்களின் பங்கு பல மீன் இனங்களில் இரத்தத்தில் 20 முதல் 40 சதவீதம். அது இறங்கினால் இரத்தசோகை. மீன் நெருக்கடியில் இருந்தால் லிம்போசைட் குறைந்து நியூட்ரோபில் கூடும். குளத்தில் நைட்ரைட் ஏறினால் இரத்தமே சாக்லேட் நிறமாகிவிடும். மீன் செத்து மிதக்கும்வரை காத்திருக்காமல், பண்ணைக்காரர் முன்கூட்டியே சுதாரித்துக்கொள்ள இந்தச் சில துளிகள் போதும்.

இவ்வளவு பெரிய மனிதரிடம் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். தன்னுடைய நல்ல லென்ஸ்களையும் பார்க்கும் முறையையும் கடைசிவரை ரகசியமாகவே வைத்திருந்தார். இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் கேட்டும் மறுத்துவிட்டார். 1723-இல், தொண்ணூறு வயதில் காலமானார். ராயல் சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகளும் பின்னாளில் காணாமல் போயின. சீடர் இல்லை, கருவியும் இல்லை. அவர் திறந்த துறை வெகு காலம் தேங்கி நின்றது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: என்னதான் மெஷின் வந்தாலும், ஒரு ஸ்லைடை ஒழுங்காகப் பூசிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கூச்சப்படாமல் எங்களைக் கேளுங்கள். பழைய மாணவர்களான நாமும், கைத்தொழிலை நம்மோடேயே வைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஒன்றுகூடலுக்கு வருகிற நாளில் ஒரு மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்காருவோமே. சங்கம் இருப்பது அதற்கும்தான்.