மறந்துபோன பெயர்



ஆப்பிரிக்காவில் டார்பூர் நாட்டில் சுமார் 1869-ம் வருஷம் பிறந்த ஒரு சிறுமியை அடிமை வியாபாரிகள் தூக்கிப்போனார்கள். அந்தப் பயத்தில் பெற்றோர் இட்ட பெயரே அவளுக்கு மறந்துபோயிற்று. கடத்தினவர்கள் இட்ட பக்கீத்தா என்ற அரபிப் பெயரே நிலைத்தது. அதற்கு அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம். எஜமானர்கள் இட்ட தழும்புகளும் சரீரத்தில் நிலைத்தன.

1885-ல் இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டு, வெனிஸ் நகரத்துக் கன்னியாஸ்திரீகளிடம் சத்தியவேதம் கற்றாள். 1889-ல் நீதிமன்றம் அவளை அடிமையல்லவென்று தீர்த்தது. 1890-ல் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்களில் ஒன்று பொர்த்துனாத்தா: அதற்கும் அதிர்ஷ்டசாலி என்றே அர்த்தம். கள்வர் இட்ட பெயரையும் சர்வேசுரன் தள்ளவில்லை. 2000-ல் அவள் அர்ச்சியசிஷ்டவளானாள்.

பெற்றோரே, மக்கு, தரித்திரம் என்று நாம் பிள்ளைக்கு இடும் பெயரும் நிலைத்துவிடும். இன்றே நல்ல பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.